யார் அந்த 'இல்'? பிரெஞ்சில் வானிலையும் பருவமும் பேசும் முறை

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே வானிலைப் பாடம் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள், நான்கு பருவப் பெயர்கள், ஒரு சூரியன் படம், ஒரு குடைப் படம். படிக்கும்போது எளிதாகத்தான் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் தமிழ் பேசுகிறவர் நாக்கு தடுமாறுகிறது. 'வெயில் அடிக்கிறது' என்பதில் உள்ள அந்த 'அடி'க்குப் பிரெஞ்சில் என்ன வினை என்று மனம் தேடப் போய்விடுகிறது. அப்படி ஒரு வினையே அங்கே கிடையாது. தடுமாற்றத்துக்குக் காரணம் சொற்பஞ்சம் இல்லை. இரண்டு மொழிகளும் வானத்தைப் பற்றிய வாக்கியத்தை வேறு வேறு விதமாகக் கட்டுகின்றன, அதுதான்.

பிரெஞ்சுச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருவதால் ஒலி தோராயமாகவே இருக்கும். எங்கெங்கே தோராயம் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

தமிழில் வினைகள், பிரெஞ்சில் அச்சுகள்

மழை பெய்யும். காற்று வீசும். வெயில் அடிக்கும், காயும், கோபம் வந்தால் கொளுத்தும். மின்னல் வெட்டும், இடி இடிக்கும், பனி கொட்டும், மேகம் மூடும். தமிழில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அதற்கே உரிய வினை ஒன்று உண்டு. மாற்றிப் போட்டால் சிரிப்பார்கள். 'மழை வீசுகிறது' என்று யாரும் சொல்வதில்லை.

பிரெஞ்சில் இந்தச் செல்வம் வினையில் இல்லை. அங்கே மூன்று அச்சுகள் இருக்கின்றன. எந்த நிகழ்வானாலும் அந்த மூன்றில் ஒன்றில் ஊற்றி எடுத்துவிடலாம். மூன்றும் தொடங்குவது ஒரே சொல்லில்: 'இல்'. ஆண்பாலில் 'அவன்' அல்லது 'அது' என்று பொருள் தரும் அதே சொல்தான். ஆனால் வானிலை வாக்கியத்தில் அது யாரையும் எதையும் சுட்டுவதில்லை.

அப்புறம் எதற்கு அது? பிரெஞ்சு வாக்கியத்தில் வினைக்கு முன் எழுவாய் இருந்தே ஆக வேண்டும் என்பதற்காக. லத்தீனில் 'மழை பெய்கிறது' என்பதை எழுவாய் இல்லாமல், ஒரே வினையில் சொன்னார்கள். லத்தீனிலிருந்து வந்த இத்தாலியனும் ஸ்பானியமும் இன்றும் அப்படியே சொல்கின்றன. பிரெஞ்சு மட்டும் காலப்போக்கில் எழுவாயைக் கட்டாயமாக்கிக்கொண்டது. ஆள் இல்லாத இடத்திலும் ஒரு நாற்காலி போட்டு வைக்க வேண்டும் என்ற விதி. அந்தக் காலி நாற்காலிதான் 'இல்'.

தமிழருக்கு இது அவ்வளவு அந்நியம் இல்லை. விடிந்துவிட்டது, இருட்டிவிட்டது, புழுங்குகிறது, தூறுகிறது என்கிறோம். எது விடிந்தது, எது புழுங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. வினையின் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'அது' யாரைச் சுட்டுகிறதோ, பிரெஞ்சின் 'இல்' அவரைத்தான் சுட்டுகிறது. அதாவது, யாரையும் இல்லை.

மூன்று அச்சுகள்

1. 'இல் ஃபே' + பெயரடை

'ஃபே' என்றால் நேர்ப்பொருளில் 'செய்கிறது'. வானிலையில் அந்தப் பொருளை மறந்துவிடலாம். பொதுவாக எப்படி இருக்கிறது, எப்படி உணர்கிறோம் என்பதைச் சொல்ல இந்த அச்சு.

'இல் ஃபே போ' என்றால் நல்ல வானிலை, வெளுத்த வானம். 'இல் ஃபே மோவே' அதன் எதிர்ப்பதம். 'இல் ஃபே ஷோ' வெப்பமாக இருக்கிறது, 'இல் ஃபே ஃப்ருவா' குளிராக இருக்கிறது. இவற்றுக்கு நடுவே இரண்டு நுட்பமான சொற்கள் உண்டு, பாடப்புத்தகங்கள் இவற்றை அவசரமாகக் கடந்துவிடுகின்றன: 'ஃப்ரே', 'து'. 'ஃப்ரே' என்பது மேலே ஒன்றைப் போர்த்திக்கொள்ளத் தோன்றும் குளுமை. 'து' என்பது குளிர வேண்டிய நாளில் குளிராமல் இதமாக இருப்பது. ஜனவரியில் 14 டிகிரி என்றால் 'து' என்பார்கள், அதே 14 டிகிரி ஜூலையில் வந்தால் 'ஃப்ரே'. வெப்பமானி காட்டும் எண்ணைவிட எதிர்பார்ப்புதான் இங்கே சொல்லைத் தீர்மானிக்கிறது.

'இல் ஃபே லூர்' என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 'லூர்' என்றால் கனம். காற்று அசையாமல் வியர்த்துக் கொட்டி, மழை வருமோ என்று தோன்றும் நேரத்துக்கு உரிய சொல். நம்முடைய 'புழுக்கம்' அப்படியே இதில் உட்கார்ந்துகொள்கிறது. பகல், இரவைக்கூட இந்த அச்சிலேயே சொல்லலாம்: 'இல் ஃபே ஜூர்' என்றால் விடிந்திருக்கிறது, 'இல் ஃபே நுயி' என்றால் இருட்டிவிட்டது.

வெப்பநிலையும் இதில்தான் வரும். 25 டிகிரி என்றால் 'இல் ஃபே' போட்டு எண்ணைச் சொல்லி 'தெக்ரே' சேர்த்தால் போதும். சுழிக்குக் கீழே போனால் எண்ணுக்கு முன் 'முவேங்' என்று வரும்.

2. 'இல்யா' + பெயர்ச்சொல்

'இருக்கிறது' என்று பொருள். எழுதும்போது மூன்று சொற்கள், பேசும்போது ஒன்று. சாதாரணப் பேச்சில் 'இல்' கூட விழுந்து 'யா' மட்டும் மிஞ்சும். காற்று, வெயில், மூடுபனி, மேகம் என்று பெயர் வைத்துச் சுட்டக்கூடிய ஒரு பொருள் வெளியே இருந்தால் இந்த அச்சு: 'இல்யா த்யூ வாங்' காற்று, 'இல்யா த்யூ சொலேய்' வெயில், 'இல்யா த்யூ ப்ரூயார்' மூடுபனி, 'இல்யா தே நுவாஜ்' மேகங்கள்.

நடுவில் வரும் 'த்யூ', 'தே' என்பவை வெறும் அலங்காரம் இல்லை. எண்ண முடியாத ஒன்றில் கொஞ்சம் என்று காட்டுவது 'த்யூ', எண்ணக்கூடியவற்றில் சில என்று காட்டுவது 'தே'. தமிழில் இவற்றுக்கு இணை இல்லாததால் மறந்துபோவது சகஜம். காற்றுக்கு 'இல் ஃபே த்யூ வாங்' என்றும் காதில் விழலாம், அது தவறில்லை. கனடாவில் 'இல் ஃபே சொலேய்' என்பது வழக்கமான பேச்சு. அச்சுகளுக்கு நடுவே வேலி போட்டிருக்கிறதே தவிர மதில் எழுப்பவில்லை.

3. 'இல்' + வானிலைக்கே உரிய வினை

இது சிறிய பட்டியல். 'இல் ப்ளோ' மழை பெய்கிறது, 'இல் நேஜ்' பனி விழுகிறது, 'இல் க்ரேல்' ஆலங்கட்டி விழுகிறது, 'இல் ஜேல்' உறைகிறது, 'இல் ப்ருயின்' தூறுகிறது. அன்றாடத்துக்கு இவ்வளவு போதும். இந்த வினைகளில் பெரும்பாலானவை 'நான்', 'நீ' என்ற எழுவாய்களை ஏற்பதில்லை. நான் மழை பெய்கிறேன் என்று சொல்ல ஒருவருக்கும் தேவை வராது என்பதால் திரிபு அட்டவணையில் ஒரே ஒரு வரிதான். பிரெஞ்சு வினைத் திரிபுகளோடு மல்லாடுகிறவர்களுக்கு இந்த மொழி தரும் அபூர்வச் சலுகை இது.

அச்சு மாறினால் கூட வருவதும் மாறும்

அச்சைச் சரியாகப் பிடித்துவிட்ட பிறகும் பிழை வரும் இடம் ஒன்று உண்டு. தமிழில் 'ரொம்ப' எங்கும் பொருந்தும். ரொம்பக் குளிர், ரொம்பக் காற்று, ரொம்ப மழை. பிரெஞ்சில் 'ரொம்ப'வுக்கு இரண்டு சொற்கள், எது வேண்டும் என்பதை அச்சுதான் முடிவு செய்கிறது.

1. பெயரடைக்கு முன் 'த்ரே': 'இல் ஃபே த்ரே ஃப்ருவா'.
2. பெயர்ச்சொல்லுக்கு முன் 'போகூ தெ': 'இல்யா போகூ தெ வாங்'.
3. வினைக்குப் பின் 'போகூ': 'இல் ப்ளோ போகூ'.

'இல் ஃபே போகூ ஃப்ருவா' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் புதிதாகப் படிக்கிறவர் என்பது அந்த நொடியே தெரிந்துவிடும்.

எதிர்மறையிலும் இதே கதை. 'குளிரவில்லை' என்பதற்கு 'இல் ந ஃபே பா ஃப்ருவா', பெயரடை அப்படியே நிற்கிறது. 'காற்று இல்லை' என்றால் 'இல் ன்யா பா தெ வாங்'. அங்கே இருந்த 'த்யூ' சுருங்கி 'தெ' ஆகிவிட்டது. இல்லாத ஒன்றில் 'கொஞ்சம்' எப்படி இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டால் விதி மறக்காது.

குளிர் யாருக்கு?

வானிலைப் பாடத்தில் தமிழருக்கு உண்மையிலேயே கை கொடுக்கும் பகுதி இதுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் பலர் ஆங்கிலம் வழியாகப் போய் விழுகிறார்கள். ஆங்கிலத்தில் வானம், ஆள், தண்ணீர் மூன்றுக்கும் ஒரே துணைவினை. அதை மனதில் வைத்துப் பிரெஞ்சுக்குப் போனால் மூன்றும் குழம்பும். தமிழில் இவை ஏற்கனவே தனித்தனி:

1. வெளியே குளிராக இருக்கிறது: 'இல் ஃபே ஃப்ருவா'. சூழல்.
2. எனக்குக் குளிர்கிறது: 'ஜே ஃப்ருவா'. நேர்ப்பொருளில் 'என்னிடம் குளிர் இருக்கிறது'.
3. தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது: 'லோ எ ஃப்ருவாத்'. பொருளின் தன்மை. 'லோ' (தண்ணீர்) பெண்பால் என்பதால் பெயரடையும் பெண்பால் வடிவம் எடுத்து, கடைசி 'த்' கேட்கிறது.

இப்படி உணர்வைச் சொல்ல 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமை போடும் பல இடங்களில் பிரெஞ்சில் 'என்னிடம் இருக்கிறது' என்ற வினை வருகிறது. எனக்குப் பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என எல்லாவற்றுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். 'எனக்குக் குளிர்கிறது' என்று தமிழில் தோன்றினால் 'ஜே', 'வெளியே' என்று தோன்றினால் 'இல் ஃபே'. ஆங்கிலத்தை இடையில் விடாமல் இருந்தால் போதும்.

விட்டால் என்ன ஆகும்? 'ஜ ஸ்வி ஷோ' என்று சொல்லிவிடுவார்கள், 'நான் சூடாக இருக்கிறேன்' என்ற நினைப்பில். பேச்சு வழக்கில் அதற்கு 'நான் தயார், உற்சாகமாக இருக்கிறேன்' என்று பொருள். இடம் பொருள் ஏவல் பார்த்து, காம இச்சையைக் குறிப்பதாகவும் எடுத்துக்கொள்வார்கள். 'செ ஷோ' என்றால் இளைஞர் பேச்சில் 'கஷ்டமான விஷயம்தான்'. 'இல் எ ஷோ' என்றால் ஏதோ ஒரு பொருளோ ஆளோ சூடாக இருக்கிறது. வெயிலுக்கும் இவை எதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒலி: கடினம் என்று நினைப்பது ஏற்கனவே வாயில் இருக்கிறது

எழுத்தில் இருக்கும் கடைசி மெய்கள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. 'ஃப்ருவா', 'ஷோ', 'ப்ளோ' மூன்றின் எழுத்திலும் கடைசியில் ஒரு மெய் ஊமையாக நிற்கிறது. இலையுதிர் காலமான 'ஒதோன்' என்பதில் நடுவே ஒரு 'ம்' எழுதப்பட்டுச் சொல்லப்படாமல் போகிறது. 'இல் ஃபே போ' என்பதில் வரும் 'போ', பஸ் என்பதில் வரும் பகரம். பேப்பரில் வருவது அல்ல.

'தாங்', 'வாங்', 'ப்ரேன்தாங்' என்று இங்கே எழுதியிருக்கும் சொற்களின் கடைசியில் உண்மையில் 'ங்' கிடையாது. உயிரொலியே மூக்கு வழியாக வருகிறது. இதைக் கற்றுக்கொள்ளத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை. பேச்சுத் தமிழில் 'மரம்' என்று வேகமாகச் சொல்லும்போது கடைசியில் உதடு மூடுவதில்லை. 'அவன் வந்தான்' என்பதில் கடைசி 'ன்' நாக்கில் படாமல் மூக்கிலேயே கரைகிறது. அந்த முடிவொலியைத்தான் பிரெஞ்சு கேட்கிறது. எழுதும் தமிழை விட்டுப் பேசும் தமிழை நினைத்துக்கொள்ளுங்கள்.

உயிரொலிகளில் புதிதாகப் பழக வேண்டியவை முக்கியமாக இரண்டு. 'இல் ப்ளோ' என்பதில் நாக்கு 'ஏ' சொல்லும் இடத்தில், உதடு மட்டும் 'ஓ'வுக்குக் குவிய வேண்டும். 'த்யூ' என்பதில் நாக்கு 'ஈ', உதடு 'ஊ'. இந்த வேறுபாடு விளையாட்டில்லை: 'இல் ப்ளோ' மழை பெய்கிறது, 'இல் ஆ ப்ளியூ' மழை பெய்தது. இறந்தகால வடிவம் இந்த இரண்டாவது ஒலியில்தான் நிற்கிறது.

பருவங்கள் நான்கு, முன்னொட்டு இரண்டு

'ப்ரேன்தாங்' இளவேனில், 'எதே' கோடை, 'ஒதோன்' இலையுதிர் காலம், 'இவேர்' குளிர்காலம். நான்கும் ஆண்பால். பருவம் என்ற பொதுச்சொல்லான 'செசோங்' மட்டும் பெண்பால்.

'கோடையில்' என்று சொல்ல 'ஆங்' முன்னால் வரும்: 'ஆன் எதே', 'ஆன் ஒதோன்', 'ஆன் இவேர்'. இளவேனிலுக்கு மட்டும் 'ஓ ப்ரேன்தாங்'. இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். உண்மையில் ஒலிதான் காரணம். மற்ற மூன்றும் உயிரொலியில் தொடங்குகின்றன ('இவேர்' எழுத்தில் தொடங்கும் மெய் ஊமை). 'ப்ரேன்தாங்' மெய்யில் தொடங்குகிறது. உயிருக்கு முன் 'ஆங்' வரும்போது மறைந்திருந்த 'ன்' எழுந்து அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்வதையும் கவனியுங்கள். நிலைமொழி, வருமொழி என்று புணர்ச்சி படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

'ப்ரேன்தாங்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'தாங்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். அதற்கு 'வானிலை' என்றும் பொருள், 'நேரம், காலம்' என்றும் பொருள். 'கெல் தாங் ஃபேத்-இல்?' என்றால் வானிலை எப்படி என்ற கேள்வி. 'ஜ நே பா ல தாங்' என்றால் எனக்கு நேரமில்லை. இளவேனிலின் பெயர் லத்தீனில் 'முதற்காலம்' என்ற தொடரிலிருந்து வந்தது. தமிழிலும் 'காலம்' போய்விட்டது என்கிறோம், மழைக்காலம் என்றும் சொல்கிறோம். நேரத்தையும் பருவத்தையும் ஒரே சொல்லால் அளந்த மொழிகள் நிறையவே உண்டு.

பருவம் எப்போது தொடங்குகிறது என்பதிலும் குழப்பம் வரும். பிரான்சில் இரண்டு கணக்குகள் புழங்குகின்றன. நாட்காட்டிக் கணக்கு சூரியனைப் பின்பற்றுகிறது: இளவேனில் மார்ச் 20 வாக்கில், கோடை ஜூன் 20 அல்லது 21, இலையுதிர் காலம் செப்டம்பர் 22 அல்லது 23, குளிர்காலம் டிசம்பர் 21 அல்லது 22. வானிலையாளர் கணக்கு மாத முதல் நாளில் தொடங்குகிறது: மார்ச் 1, ஜூன் 1, செப்டம்பர் 1, டிசம்பர் 1. ஜூன் தொடக்கத்தில் ஒரு செய்தி 'கோடை தொடங்கிவிட்டது' என்றும், மூன்று வாரம் கழித்து இன்னொன்று 'இன்று கோடையின் முதல் நாள்' என்றும் எழுதினால் இரண்டும் சரிதான்.

பருவமும் வானிலையும் சேர்ந்து அரசியலில் புகுந்த கதை ஒன்றும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793-இல் பழைய நாட்காட்டியைத் தூக்கி எறிந்து புதியதைக் கொண்டுவந்தது. மாதங்களுக்குப் பெயர் சூட்டியவர் ஃபாப்ர் தெக்லாந்தீன் என்ற கவிஞர். மூடுபனி மாதம் 'ப்ரூமேர்', உறைபனி மாதம் 'ஃப்ரிமேர்', பனிப்பொழிவு மாதம் 'நிவோஸ்', மழை மாதம் 'ப்ளுவியோஸ்', காற்று மாதம் 'வாந்தோஸ்', வெப்ப மாதம் 'தெர்மிதோர்'. ஒரே பருவத்தின் மூன்று மாதங்களும் ஒரே விகுதியில் முடியும்: இலையுதிர் காலம் 'ஏர்', குளிர்காலம் 'ஓஸ்', இளவேனில் 'ஆல்', கோடை 'தோர்'. 1806-ஆம் ஆண்டின் முதல் நாளோடு அது வழக்கொழிந்தது. ஆனால் 1799 நவம்பர் 9 அன்று நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததை வரலாறு இன்றும் 'ப்ரூமேர் 18' என்றே குறிக்கிறது. 'வாந்தோஸ்' என்பதில் 'வாங்' கேட்கிறது, 'ப்ரூமேர்' என்பதில் 'ப்ரூம்' கேட்கிறது. மாதப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் பாதி வானிலைப் பட்டியல் உள்ளே போய்விடும்.

நான்கு பருவமும் எல்லாப் பிரெஞ்சுக்கும் பொருந்தாது. செனகலில் 'இவேர்னாஜ்' என்று ஒரு பருவம் உண்டு. சொல்லைப் பார்த்தால் குளிர்காலத்துக்கு உறவு. பொருளோ ஜூன் முதல் அக்டோபர் வரையான மழைக்காலம், வெக்கையும் ஈரமும் நிறைந்தது. கரீபியன் கடலின் குவாதலூப், மார்த்தினீக் தீவுகளிலும் மழைப் பருவத்துக்கு இதே பெயர். வறண்ட பருவத்துக்கு 'கரேம்'. ரியூனியன் தீவு தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே ஜனவரிதான் கோடை.

நேற்றும் நாளையும்

தமிழில் 'மழை பெய்துகொண்டிருந்தது' என்பதும் 'மழை பெய்தது' என்பதும் வேறு. பிரெஞ்சிலும் அப்படியே: பின்னணியாக ஓடியது 'இல் ப்ளெவே', தொடங்கி முடிந்த நிகழ்ச்சி 'இல் ஆ ப்ளியூ'. மழை வரை சிக்கல் இல்லை. குளிருக்கு வரும்போது தமிழ் கைவிட்டுவிடுகிறது. 'குளிராக இருந்தது' என்ற ஒன்றே இரண்டு இடத்துக்கும் போகும். பிரெஞ்சில் கதையின் சூழலாகச் சொன்னால் 'இல் ஃபெசே ஃப்ருவா'. 'வாரம் முழுக்கக் குளிர்' என்று எல்லை கட்டிவிட்டால் 'இல் ஆ ஃபே ஃப்ருவா'. முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அளந்து சொல்கிறோமா என்று பார்த்தால் போதும்.

நாளைக்கு இரண்டு வடிவங்கள். மேகம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துச் சொன்னால் 'இல் வா ப்ளெவ்வார்', மழை வரப்போகிறது. வானிலை அறிக்கையில் வருவது 'இல் ப்ளெவ்ரா'. 'மழை வரும்போல இருக்கு' என்ற நம் இழுப்புக்குச் சரியான இணை 'ஓங் திரே கில் வா ப்ளெவ்வார்'.

வானிலை அறிக்கையைப் படிக்கும்போது

பேச்சில் கற்ற வாக்கியங்கள் அறிக்கையில் காணாமல் போகும். அங்கே வினையே அபூர்வம், பெயர்ச்சொற்கள் வரிசையாக நிற்கும். 'அவேர்ஸ்' திடீரென்று கொட்டி ஓயும் மழை. 'எக்லேர்சி' மேகம் விலகி வெளிச்சம் எட்டிப் பார்க்கும் இடைவெளி. 'ஜிபூலே' மார்ச் மாதத்துக்கே பேர்போன, ஆலங்கட்டியும் கலந்த குறும்பு மழை. 'க்ராஷேங்' பிரான்சின் வடமேற்கே உள்ள பிரித்தானிப் பகுதியோடு சேர்த்துப் பேசப்படும் நுண்தூறல். 'வேர்க்ளா' சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் பனிக்கட்டிப் படலம், வண்டி ஓட்டுகிறவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். 'ப்ரூம்', 'ப்ரூயார்' இரண்டும் மூடுபனிதான். ஒரு கிலோமீட்டருக்குள் கண் மறைந்தால் அது 'ப்ரூயார்'.

இடி, மின்னல் விஷயத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் தவறாகிவிடும். தமிழில் 'இடி விழுந்தது' என்கிறோம். பிரெஞ்சில் விழுவது இடி அல்ல. 'தொனேர்' என்பது வெறும் சத்தம், 'எக்லேர்' வெறும் ஒளி, தரையில் விழுந்து மரத்தை எரிப்பது 'ஃபூத்ர்'. மூன்றும் சேர்ந்த மழைக்கு 'ஒராஜ்'. 'தாம்பேத்' வேறு. அதில் முக்கியம் காற்று. புயல் என்று இரண்டையும் ஒன்றாக மொழிபெயர்த்தால் எச்சரிக்கை தவறாகப் புரியும்.

எச்சரிக்கை என்றதும் நிறங்கள். மெத்தெயோ-ஃபிரான்ஸ் என்ற அரசு வானிலை நிறுவனம் 1999 டிசம்பர் கடைசியில் நாட்டை உலுக்கிய புயல்களுக்குப் பிறகு, 2001 முதல் 'விஜிலான்ஸ்' என்ற வரைபடத்தை வெளியிடுகிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் மிகுந்த விழிப்பு, சிவப்பு என்றால் முழு விழிப்பு.

கோடைச் செய்திகளில் 'கனிக்யுல்' என்ற சொல் அடிக்கடி வரும். வெறும் கடும் வெயிலுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. பகலும் இரவும் தணியாமல் குறைந்தது மூன்று நாள் நீடிக்க வேண்டும், வரம்பு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பாரிசுக்குப் பகலில் 31, இரவில் 21 டிகிரி. இந்த எண்கள் குறைவாகத் தோன்றலாம். வெப்பத்துக்குப் பழகாத உடல்கள், வெப்பத்தை எண்ணிக் கட்டாத வீடுகள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள், இந்தச் சொல்லின் கனம் அப்போது ஏறியது. நாட்டின் உச்ச வெப்பப் பதிவான 46 டிகிரி 2019 ஜூன் 28 அன்று தெற்கே வெரார்க் என்ற ஊரில் பதிவானது. சொல்லின் மூலம் லத்தீனில் 'குட்டி நாய்'. கோடையில் சூரியனோடு உதிக்கும் சிரியஸ் விண்மீனின் பெயர் அது.

ஊருக்கு ஊர் மழை

கனடாவின் கியூபெக்கில் கடுங்குளிர் என்றால் 'ஃப்ருவா' போதாது, 'இல் ஃபே ஃப்ரெத்' என்பார்கள். காற்று தரைப்பனியை வாரித் தூற்றுவது 'பூத்ரெரி', உருகிச் சேறான பனி 'ஸ்லோஷ்'. காற்று வீசுகிறது என்பதற்கு அங்கே மூன்றாம் அச்சிலேயே 'இல் வாந்த்' என்று வினை உண்டு. பெல்ஜியத்தில் அடைமழை 'த்ராஷ்', ஜூலை 21 தேசிய நாளில் பெய்தால் அதற்கு 'தேசிய த்ராஷ்' என்று கேலிப் பெயர். ஜெனீவா ஏரிப் பக்கம் வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று 'பீஸ்', ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து இறங்குவது 'மிஸ்த்ரால்'.

மரபுத்தொடர்களில் தமிழ்க்காதுக்குப் பிடிபடுபவை சில. வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் பிரெஞ்சில் கயிறுகள் பெய்கின்றன: 'இல் ப்ளோ தே கோர்த்'. கடுங்குளிர் 'வாத்துக் குளிர்', படுமோசமான வானிலை 'நாய் வானிலை'. ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் கழற்றாதே, மே மாதத்தில் இஷ்டப்படி இரு என்று எதுகையோடு ஒரு பழமொழி. அந்த மே மாதத்தையும் முழுதாக நம்பாமல் 11, 12, 13 தேதிகளைப் 'பனிக்கட்டிப் புனிதர்கள்' நாள் என்று தோட்டக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் குளிர் வந்தால் இருக்கவே இருக்கிறது அந்தப் பழைய புலம்பல்: 'இல் ன்யா ப்ளியூ தெ செசோங்', இப்போதெல்லாம் பருவம் என்று ஒன்றே இல்லை.

வினையைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய தொடர் ஒன்று. 'மழையையும் நல்ல வானிலையையும் பேசுவது' என்றால் பொழுதுபோக்காக எதையாவது பேசிக்கொண்டிருப்பது. அதையே 'மழையையும் நல்ல வானிலையையும் செய்வது' என்று 'ஃபேர்' வினை போட்டுச் சொன்னால், ஓர் இடத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று பொருள். வானிலை வாக்கியங்களில் ஆளில்லாத 'இல்' செய்துவந்த வேலைக்கு இங்கே மட்டும் ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார்.